பெயர் வைக்க மறந்த கணவர்

கனடாவிலிருந்து வந்த மின்னஞ்சலில் கேள்வி நேராக இருந்தது. நானும் என் துணையும் திருவனந்தபுரம் வருகிறோம், இரண்டு பேரும் பெண்கள், எதில் எல்லாம் கவனமாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். எங்களுக்காக மட்டுமல்ல, எங்களுக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்காகவும்.

எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து பள்ளி வயதில் குடும்பத்தோடு கனடா போனவர். பெண்ணோடு பெண்ணாகவும் ஆணோடு ஆணாகவும் வாழ்கிறவர்கள் வெளியூர் போனால் எந்த ஊரில் எப்படி நடந்துகொள்வது என்று பயணக் குறிப்புகள் சேர்த்து ஓர் இணையப் பக்கம் நடத்திக்கொண்டிருந்தார். அதில் பல ஊர்கள் இருந்தன. எங்கள் ஊர் இல்லை. ஒரு மின்னஞ்சல் குழுவில் என்னைக் கண்டுபிடித்திருந்தார். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த சமயம் அது. நான் ஒரு தமிழ் நாளிதழின் திருவனந்தபுரம் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தேன்.

அலுவலகக் கணினியில் அந்த அஞ்சலைத் திறக்கும் தைரியம் எனக்கு இல்லை. ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பிளைவுட் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள். தடுப்பு தோள் உயரத்துக்குத்தான் இருக்கும், உரிமையாளர் பின்பக்கம் நடந்துகொண்டே இருப்பார். கிரிக்கெட் ஸ்கோர் பக்கம் ஒன்றை எப்போதும் திறந்து வைத்திருப்பேன். செருப்புச் சத்தம் கேட்டதும் அஞ்சல் மறைந்து ஸ்கோர் வந்துவிடும். எனக்குக் கிரிக்கெட் தெரியாது. ஒரு முறை அவர் நின்று, "எந்தாயி ஸ்கோர்?" என்று மலையாளத்தில் கேட்டபோது, திரையில் இருந்த முதல் எண்ணைப் படித்துக் காட்டினேன். அது முந்தின நாள் ஆட்டம் என்று சிரித்துவிட்டுப் போனார்.

எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கே தெரிந்தது. கை கோத்துக்கொண்டு நடக்கலாம். இந்த ஊரில் இரண்டு பெண்கள் கை கோத்து நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, இரண்டு ஆண்கள் நடந்தாலும் அப்படித்தான். ஓட்டலில் ஒரே அறை கேட்கலாம், தயங்காமல் கேட்க வேண்டும். தயங்கினால்தான் வரவேற்பில் இருக்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார். கோவளத்தில் கடற்கரைக்காகவே சுற்றுகிற இளைஞர்கள் உண்டு, இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். சட்டம் பற்றி அவர் கேட்டிருந்தார். ஒருபால் உறவைக் குற்றமாக்கும் பிரிவு 377 அப்போது முழு வலுவோடு இருந்தது. அதில் பெண்களும் அடக்கமா என்று வக்கீல்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள், அதையும் எழுதினேன். போலீஸ் வந்தால் சட்டம் பேசாதீர்கள், தூதரகத்தின் எண்ணைக் கையில் வைத்திருங்கள் என்றும் எழுதினேன்.

கடைசியாகச் சொல்ல வேண்டியதைச் சொல்ல அதிக நேரம் பிடித்தது. இங்கே யாரும் உங்களைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள், அப்படி ஒரு கேள்வி இருப்பதே பலர் நினைவில் இல்லை. அவர்கள் கேட்பது ஏன் கல்யாணம் ஆகவில்லை என்றுதான். அதற்குப் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் என் தோழிக்கும் அந்தப் பதில் தயாராக இருந்தது. எனக்கு அப்பா இல்லை, தம்பிகளைப் படிக்கவைக்க வேண்டியிருந்தது, வயது போய்விட்டது. அவளுக்கு ஜாதகத்தில் தோஷம். அவள் திருநெல்வேலிக்காரி, சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதினாள். நான் நாகர்கோவில். தோழி என்ற சொல்லைத்தான் இங்கே பயன்படுத்துகிறேன். வேறு சொல் ஒன்றும் அப்போது எங்கள் வாயில் வந்து பழகவில்லை. எங்கள் பத்திரிகையிலும் ஒரே ஒரு சொல்தான் இருந்தது, அது குற்றச் செய்திப் பக்கத்தில் மட்டும் வரும்.

அந்தச் சொல் வராதபோது செய்தி இன்னொரு விதமாக வரும். மாவட்டச் செய்தியாளர்கள் அனுப்பும் ஒற்றைப் பத்திச் செய்தி. இரண்டு இளம்பெண்கள், ஒரே ஊர், ஒரே தையல் கடை அல்லது ஒரே கல்லூரி, வீட்டில் ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள், இருவரும் இறந்து கிடந்தார்கள். "இணைபிரியாத் தோழிகள்" என்று செய்தியாளர் எழுதியிருப்பார். காரணம் விசாரிக்கப்படுகிறது என்று முடியும். அந்தச் செய்திகள் என் மேசைக்கு வரும்போது நான் தலைப்புப் போட்டு, ஒற்றுப்பிழை திருத்தி, இடத்துக்கு ஏற்ப வெட்டி அனுப்புவேன். அன்று வீட்டுக்குப் போய் தோழியிடம் சொல்ல மாட்டேன். மறுநாள் அவள் பேப்பரில் படித்துவிட்டு என்னிடம் சொல்ல மாட்டாள்.

கரமனையில் அக்ரஹாரத் தெரு ஒன்றில், ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் நாங்கள் இருந்தோம். அதற்கு முன்னால் ஒரு மகளிர் விடுதியில் இருந்து வெளியேறியிருக்கிறோம். வார்டன் எங்களை வேறு வேறு அறைக்கு மாற்றினார், ஏன் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பேரூர்க்கடையில் ஒரு வீட்டுக்காரர் என் தம்பியின் தொலைபேசி எண்ணைக் கேட்டார், அந்த மாதமே காலி செய்தோம். கல்யாணமாகாத இரண்டு பெண்களுக்கு இந்த ஊரில் வீடு கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது தேடினவர்களுக்குத் தெரியும். இந்த மாடி போனால் நான் ஒரு விடுதிக்கும் அவள் அவளுடைய அத்தை வீட்டுக்கும் போக வேண்டியதுதான். வேறு வழி எங்களிடம் இல்லை.

வீட்டுக்காரர் ஒரு மாமி. அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார், மகன் மஸ்கட்டில். குடி வந்தபோது இரண்டே நிபந்தனைகள் போட்டார். மீன் வாசனை வரக்கூடாது. ஆண்கள் படியேறி வரக்கூடாது. இரண்டாவது நிபந்தனையைக் கேட்டதும் தோழி என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டாள். "அதுல ஒரு குறையும் வராது மாமி" என்று நான்தான் சொன்னேன்.

கனடாக்காரர்கள் ஊரில் வேறு எங்கேயாவது தங்கிவிட்டுப் போகட்டும், நாமே போய்ப் பார்க்கலாம் என்பது என் திட்டம். தோழி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏட்டி, அவ்வளவு தூரத்துல இருந்து நம்மளத் தேடி வாறவங்களுக்கு ஒரு வாய் சோறு போடாண்டாமா? ஓட்டல்லயா வச்சுப் பேசுவ?"

"மாமி பாப்பாங்க."

"பாக்கட்டும். பாத்தாத் தெரியுததுக்கு நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு?"

எழுதி ஒட்டவில்லைதான். ஆனாலும் நான் கனடாக்காரருக்கு ஒரு கணவரை உண்டாக்கினேன். முப்பத்தைந்து வயதில் கல்யாணமாகாத ஒரு தமிழ்ப் பெண்ணை மாமி முன்னால் உட்காரவைத்தால் சாப்பாடு முடிவதற்குள் இரண்டு வரன்கள் வந்துவிடும். மறுத்தால் காரணம் கேட்பார், காரணத்தின் வால் பிடித்து எங்களிடம் வருவார். ஆகவே, நீங்கள் கல்யாணமானவர் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். கணவருக்கு ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, லீவு கிடைக்கவில்லை. குழந்தை இல்லை. கூட வருகிற வெள்ளைக்காரப் பெண் ஒரே கட்டிடத்தில் குடியிருக்கும் நர்ஸ். நர்ஸ் என்பது உண்மை. தாலி ஏன் இல்லை என்று கேட்டால் விமானப் பயணத்துக்காகக் கழற்றி வைத்தது என்று சொல்லலாம். செய்தி சரிபார்க்கிற பழக்கத்தில் ஓட்டை இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் படித்துத்தான் அனுப்பினேன்.

பதில் ஒரே வரியில் வந்தது. எனக்குப் பொய் சொல்ல வராது, ஆனாலும் உங்களுக்காகச் சொல்கிறேன்.

விமான நிலையத்தில் கட்டிப்பிடிக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தேன். அதை அவர்கள் அளவுக்கு மீறிக் கடைப்பிடித்தார்கள். வெளியே வந்து தள்ளுவண்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று விறைப்பாக நின்றார்கள். தோழி என் காதில், "சண்ட போட்ட சம்பந்திமாரு மாதிரில்லா நிக்காவ. கொஞ்சம் ஒட்டி நிக்கச் சொல்லு, இல்லன்னா இதுக்கே சந்தேகம் வரும்" என்றாள். நர்ஸ் உயரமானவர், சிவந்த முகம், களைப்பாகத் தெரிந்தார். அவர் பெயர் சின்னது, இரண்டே எழுத்தில் தமிழில் எழுதிவிடலாம். ஆணுக்கும் வைப்பார்கள் போலத் தொனிக்கும் பெயர்.

தம்பானூரில் ஒரு ஓட்டலில் தங்கினார்கள், ஒரே அறை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் மதியம் எங்கள் மாடிக்கு வந்தார்கள். படியேறும்போதே மாமி பிடித்துக்கொண்டார்.

"யாழ்ப்பாணமா? அவாள்லாம் சுத்தமாப் பேசுவாளே! மேல என்ன, சாம்பார் சாதமா? கீழ வாங்கோ, தேங்காய்ப்பால் விட்டு ஓலன் வெச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு தினமும் கீழேதான் சாப்பாடு. நர்ஸ் முதல் நாளே மாமியின் வீங்கின கணுக்காலைக் கவனித்துவிட்டார். குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தார். உப்பைக் குறைக்கச் சொல்லி, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து உட்காரச் சொன்னார். அலுவலகத்தில் பழகிய இங்கிலீஷில் மாமி அவரோடு மணிக்கணக்காகப் பேசினார். அவர் பெயரோடு ஒரு 'மா' சேர்த்து, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட ஆரம்பித்தார். எதிர் வீட்டு மாமி ஜன்னலில் நின்று பார்ப்பார். அவருக்கும் பெயர் பாடமாகிவிட்டது.

கணவரைப் பற்றியும் கேள்விகள் வந்தன. கனடாக்காரரே பதில் சொன்னார்.

"கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு?"

"ஒன்பது வருஷம் மாமி."

"சமைப்பரோ?"

"ஓம், நல்லாச் சமைப்பார். உப்புத்தான் காணாது."

"கோவம் வருமோ?"

"வரும். ஆனால் கதைக்காமல் இருக்கிறதில்லை. கதைச்சு முடிச்சுட்டுத்தான் படுக்கிறது."

"அதிர்ஷ்டக்காரி நீ" என்றார் மாமி. எதிரே நர்ஸ் ஓலனைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார், அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கனடாக்காரர் பொய்யே சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கொடுத்த தொழிற்சாலையைத் தவிர எல்லாம் உண்மை.

ஒன்றை மட்டும் மாமி கேட்கவில்லை. கணவரின் பெயர். மாமி தன் கணவரின் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. தபால்காரர் கேட்டாலும் வங்கிக்காரர் கேட்டாலும், "வாசல்ல போர்டுல இருக்கு, பாத்துக்கோங்கோ" என்பார். இன்னொருத்தியின் கணவர் பெயரை அவள் வாயால் சொல்லவைப்பதும் அவருக்கு மரியாதை இல்லாத காரியம். அவர் கேட்காததால் எனக்கும் தோன்றவில்லை. செய்தியில் முதலில் வர வேண்டியது 'யார்'. வேலையும் ஷிப்ட்டும் சமையலும் உள்ள அந்த மனிதருக்கு நான் பெயர் வைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்கு மாமி எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைக்காரர்களை உள்ளே விடும் வழக்கம் அங்கே இல்லை. நர்ஸும் தோழியும் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். மாமி, கனடாக்காரர், நான் மூவரும் உள்ளே போனோம். தெருவின் நாலைந்து மாமிகள் சந்நிதியில் இருந்தார்கள், எதிர் வீட்டு மாமியும்.

"அர்ச்சனை பண்ணிக்கோ. அவருக்கு ஷிப்ட்டு ஷிப்ட்டுன்னு ஒடம்பு கெட்டிருக்கும்" என்று மாமியே தட்டை வாங்கிக் கொடுத்தார்.

பூஜை செய்கிறவர் வயதானவர், தமிழையும் மலையாளத்தையும் பிரித்துப் பேசத் தெரியாதவர். தட்டை வாங்கிக்கொண்டு, "ஆத்துக்காரர் பேரும் நக்ஷத்ரமும் பறயுங்கோ" என்றார்.

நான் கனடாக்காரரைப் பார்த்தேன். ஏதாவது ஒரு பெயர் போதும். தெருவில் போகிற எவனுடைய பெயரும் போதும். அவருக்கும் அது தெரியும், உதடு அசைந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு நர்ஸின் பெயரைச் சொன்னார்.

"என்ன?"

மறுபடி சொன்னார், தெளிவாக.

"ஸாயிப்போ?" வெள்ளைக்காரரா என்று கேட்டார்.

"ஓம்."

"அதினெந்தா, பகவானுக்கு எல்லாரும் ஒண்ணுதான். நக்ஷத்ரம் உண்டோ?"

"அனுஷம்."

"கோத்ரம்?"

"சிவ கோத்திரம் எண்டு சொல்லுங்கோ."

அவர் அந்த இரண்டெழுத்துப் பெயரை சமஸ்கிருதத்துக்குள் எப்படியோ நுழைத்து மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். நான் மாமியின் முகத்தைப் பார்த்தேன். கூப்பின கை கூப்பினபடி இருந்தது. கண் மட்டும் சந்நிதியிலிருந்து விலகி, வாசல் பக்கம், படிக்கட்டில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த உயரமான பெண்ணிடம் போயிற்று. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பி வந்து பிள்ளையாரைப் பார்த்தது. என்னைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் கனடாக்காரர் திருநீற்றை எடுத்து நர்ஸின் நெற்றியில் பூசினார். அதை நான் தடுத்திருக்க முடியாது. மாமி முன்னால் நடந்து போய்விட்டார். வாசலில் செருப்பைக் கழற்றி, கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆட்டோ பிடித்து அவர்களை ஓட்டலுக்கு அனுப்புவதற்கு முன், தெரு முனையில் நிறுத்தி, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். என் குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக இருந்தது.

"இல்லாத ஒரு மனிசனுக்கு அருச்சனை செய்விக்கேலாது" என்றார் அவர். "போன வருஷம் இவளுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. வருத்தம் மாறிச் சுகமானால் அருச்சனை செய்யிறன் எண்டு நேந்திருந்தனான். மனிசருக்கு எவ்வளவு பொய் எண்டாலும் சொல்லலாம். அங்கை எப்பிடிச் சொல்லுறது?" பிறகு என் கையைப் பிடித்தார். "உங்கட வீட்டுக்கு ஏதும் பிரச்சினை வருமோ?"

தெரியாது என்றேன்.

அன்று தோழி சமைக்கவில்லை. இருவரும் கீழே வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். குழாய் திறந்தது, மூடியது. டிவி ஓடவில்லை. தொலைபேசியின் நம்பர் சுழற்றுகிற சத்தம் கேட்கிறதா என்று நான் கவனித்தேன். மஸ்கட்டுக்குப் பேசினால் மாமி உரக்கத்தான் பேசுவார்.

"சாலைக் கம்போளத்துல ஒரு வீடு இருக்குன்னு மொதலாளி சொன்னாரு" என்றாள் தோழி. "கடைக்கு மேல. வெயிலு வராது, காத்தும் வராது."

"எத்தன பேருக்குத் தருவாங்களாம்?"

"ஒரு குடும்பத்துக்கு."

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது மாமி கீழேயிருந்து கூப்பிட்டார். கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கால் தலையணை மேல் இருந்தது.

"உக்காரு."

உட்கார்ந்தேன்.

"அந்தப் பொண்ணோட ஆத்துக்காரருக்கு லீவு கிடைக்கலைன்னியே."

"ஆமா மாமி."

"லீவு போட்டுண்டு வந்து என் காலை அமுக்கிப் பாத்துட்டுப் போயிருக்கார், கேட்டியா."

நான் வெண்டைக்காயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தியை நிறுத்தவில்லை.

"முப்பது வருஷம் ஃபைல் பாத்தவ நான். ஒருத்தன் மெடிக்கல் லீவுன்னு எழுதினா, ஏன் போட்டான்னு எனக்கு மனசிலாகும். ஆனா எழுதினதுக்குத்தான் கையொப்பு வெப்பேன். எழுதாததுக்கு ஒப்பு வெக்கறது என் ஜோலி இல்லை."

"மாமி, நாங்க..."

"நீ ஒண்ணும் பறயாண்டாம்." கத்தி நின்றது. "நான் உங்கிட்ட ஒண்ணும் கேக்கலை. கேட்டா நீ சொல்லணும். சொல்லிட்டா நான் அறிஞ்சவளாயிடுவேன். நாளைக்குப் பையன் ஃபோன்ல கேட்டா என்னத்தச் சொல்றது? அறியாதவளா இருந்தா அறியாதுன்னு சொல்லலாம்."

அவர் கேட்காத கேள்வி அந்த இருவரைப் பற்றியது இல்லை என்பது எனக்கு விளங்கியது. கேட்க வேண்டியதை நான் கேட்டேன்.

"வீடு காலி பண்ணணுமா மாமி?"

ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தார், முற்றல், தனியே போட்டார்.

"அவா ரெண்டு பேரும் இனி இங்க வராண்டாம். எதிராத்துக்காரி நேத்திக்கு என் பின்னாலதான் நின்னுண்டிருந்தா. அந்தப் பேரு அவளுக்கும் தெரியும். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்னு நெனச்சுண்டிருக்கேன். இல்லைன்னா நான் என்ன செய்யறது?"

அவ்வளவுதான். கால் பற்றி அந்தப் பெண் சொன்னது சரியாக இருக்கிறது, வீக்கம் வடிந்திருக்கிறது என்று சொல்லச் சொன்னார்.

அதைச் சொன்னேன். வர வேண்டாம் என்பதையும் சொன்னேன். அவர்கள் கன்னியாகுமரிக்குப் போய், அங்கிருந்தே மதுரை வழியாக ஊர் திரும்பினார்கள். திருவனந்தபுரத்துக்கான குறிப்பு இணையப் பக்கத்தில் ஏறியது. எழுதியவர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தேன். கோயிலில் கேட்கும் பெயரை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரியைச் சேர்க்கலாமா என்று அவர் கேட்டார். அந்த வரியைப் படிக்கிற வெளியூர்க்காரர் யாருக்கும் அது விளங்காது, விட்டுவிடுங்கள் என்று எழுதினேன்.

இங்கே நாங்கள் காத்திருந்தோம். வாடகை கொடுக்கப் போனபோது மாமி வாங்கிக்கொண்டார், அடுத்த மாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எதிர் வீட்டு ஜன்னலில் ஆள் நின்றால் நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியே இறங்குவதில்லை. அவள் போய்ச் சிறிது நேரம் கழித்து நான். வழியெல்லாம் கை கோத்துப் போனவர்கள், பேருந்து நிறுத்தத்தில் போய்ச் சந்தித்துக்கொண்டோம். வெளியூர்க்காரர்களுக்கு எழுதின அறிவுரை எங்களுக்குப் பலனில்லை. யாருக்கும் தெரியாதபோது செய்யக்கூடியவற்றைத்தான் அதில் எழுதியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படிக்கட்டில் கனமான எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. தோழிக்கு முகம் வெளுத்துவிட்டது. நம் சாமான்களை இறக்க ஆள் வந்துவிட்டதா என்றுதான் நானும் நினைத்தேன். கதவைத் திறந்தால், தெருவில் தேங்காய் பறிக்க வருகிற இரண்டு ஆட்கள் ஒரு பழைய தேக்குக் கட்டிலைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒற்றைக் கட்டில். கீழே வாசலில் நின்று மாமி, தெருவைப் பார்த்து, எதிர் வீட்டு ஜன்னலுக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார்.

"பையனோட கட்டில் சும்மாக் கெடக்கு, மரப்பூச்சி அரிக்கறது. மேல ஒருத்தி ரொம்ப நாளாத் தரையில படுத்துண்டிருக்கா, பாவம், முதுகுவலிங்கறா. ஒரு கட்டிலை வெச்சுண்டு ரெண்டு பேர் என்ன பண்ணுவா?"

யாரும் தரையில் படுத்ததில்லை. யாருக்கும் முதுகுவலி இல்லை.

ஆட்கள் கட்டிலை உள்ளறையில் போட்டுவிட்டு இறங்கினார்கள். அப்போது மாமி படியேறி வந்தார். நாங்கள் குடிவந்த பிறகு அவர் மேலே வந்ததே இல்லை. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று வந்தார். உள்ளறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார். எதைப் பார்த்தார் என்று நான் பார்க்கவில்லை.

"இங்க வேண்டாம்" என்றார். "முன் ரூம்ல போடுங்கோ. கதவைத் தொறந்தா முதல்ல இதுதான் தெரியணும், மனசிலாச்சா?"

நாங்கள் மூவருமாக இழுத்துப் போட்டோம். அவர் கட்டில் காலைச் செருப்பில்லாத காலால் சுவரோடு தள்ளினார். நன்றி சொல்ல நான் வாயெடுத்தேன். "எந்தினு? எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி இறங்கிவிட்டார்.

அன்று மத்தியானமே எதிர் வீட்டு மாமி கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு படியேறி வந்தார். அவர் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மரம் இருந்தது. தோழி அடுக்களைக்குப் போய் எடுத்துவந்தாள். எதிர் வீட்டு மாமி முன்னறையில் நின்று கட்டிலைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல தேக்கு. இதுல ஆரு படுக்கறது?"

"நான்" என்றேன்.

"நான்" என்றாள் தோழி, அதே நேரத்தில்.

மாமி எங்கள் இருவரையும் பார்த்தார். தோழிதான் முதலில் சுதாரித்தாள்.

"மாறி மாறி மாமி. ஃபேனு இங்கதான இருக்கு. அடிபிடி ஆயிரக் கூடாதுன்னு ஆளுக்கொரு வாரம்னு பேசியிருக்கோம்."

மாமி தலையை நிமிர்த்தினார். கட்டிலுக்கு நேர் மேலே ஃபேன் இருந்தது. "அதும் சரிதான்" என்றார். கறிவேப்பிலையை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினார். நாங்கள் அசையாமல் நின்று படிகளில் அவர் காலடியைக் கேட்டோம். தெருவில் இறங்கவில்லை. கீழே எங்கள் மாமியின் கதவு திறந்தது. இரண்டு பேரின் குரலும் கேட்டது, சிரிப்பும் நடுவில் ஒரு முறை கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடவில்லை.

தோழி ஒரு போர்வையை எடுத்து வந்து அந்தக் கட்டிலில் விரித்தாள். தலையணை ஒன்று வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள், திருப்தி இல்லை. ஏறிப் படுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டாள்.

"என்னட்டி செய்யுத?"

"கொஞ்சம் கசங்கட்டும்" என்றாள், கண்ணைத் திறக்காமல். "நீ கதவத் தொறந்து வச்சிட்டு, அந்தால தள்ளி உக்காரு."

நான் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.